அழுத்தப் பிராணவாயுச் சிகிச்சை: நம் சங்கத்து அங்கத்தினர்களுக்கு ஒரு திறந்த மடல்



வருகிற பொதுச்சபையின் நிகழ்ச்சி நிரலில், இளமையை மீட்டுத் தரும் பிராணவாயுச் சிகிச்சை என்று விளம்பரம் செய்துவரும் ஒரு தனியார் நிலையத்தோடு நம் ஓய்வூதியர் சங்கம் சலுகைக் கட்டண ஒப்பந்தம் செய்துகொள்வதற்கான தீர்மானம் இடம்பெற்றிருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்நிலையத்தார் அனுப்பியுள்ள வண்ணத் துண்டுப் பிரசுரத்தில், ஞாபகசக்தி கூடும், நித்திரை சீர்படும், மூட்டுவலி நீங்கும், சர்க்கரை அடங்கும், தேகத்தின் வயதே குறையும் என்றெல்லாம் அச்சிட்டு, இவற்றின் பொருட்டு அறுபது முறைக்குக் குறையாமல் வரவேண்டும் என்றும், முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டுகிறவர்களுக்கு விசேஷத் தள்ளுபடி உண்டு என்றும் குறித்திருக்கிறார்கள். தள்ளுபடி போக மிஞ்சும் தொகையே நம்மில் பெரும்பாலோருக்கு ஓராண்டு ஓய்வூதியத்துக்கு மேலாகும். காரியதரிசியும் நிர்வாகக் குழுவினரும் அங்கத்தினர்களின் க்ஷேமத்தைக் கருதியே இதைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பணிக்கொடையாக வந்த பணத்தை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் மருந்துக்கடைக் கணக்கைத் தீர்த்துக்கொண்டு, ஆண்டுதோறும் நேர்காணலுக்காகக் கருவூலத்து வரிசையில் நிற்கும்போது, போன வருஷம் பக்கத்தில் நின்றவர் இந்த வருஷம் இல்லை என்று அறிந்து மனம் தளரும் நம் போன்றோரிடம் வந்து, தேகம் மறுபடியும் தளிர்க்கும் என்று ஒருவர் சொன்னால், அதற்குச் செவிசாய்க்காமல் இருப்பது எளிதன்று.

ஆயினும் அத்தீர்மானம் நிறைவேறலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். அதை மட்டும் சொல்வதாக இருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். இதே சிகிச்சையை நம்மில் சிலர் அவசியம் பெறவேண்டியவர்கள் என்பதும், அப்படி ஒன்று இருப்பதை அறியாமலேயோ, அறிந்தும் காலங்கடந்து போனதாலேயோ, அவர்கள் வீணே துன்பப்படுகிறார்கள் என்பதும் அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவதால், இம்மடல் சற்று நீள்வதைப் பொறுத்தருள வேண்டும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. சுவாசகோசத்தில் அது ரத்தத்தை அடைந்ததும், சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் அதைப் பற்றிக்கொள்கிறது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் பிராணவாயு இவ்விதம் சுமக்கப்பட, ரத்தத்தின் நீர்ப்பகுதியில் வெறுமனே கரைந்திருப்பதோ 0.3 மில்லிலிட்டர் அளவே. ஆரோக்கியமானவரின் சிவப்பணுக்கள் சாதாரணக் காற்றிலேயே ஏறக்குறைய முழுச் சுமையையும் ஏற்றிக்கொண்டுவிடுவதால், அதற்குமேலும் பிராணவாயுவை ஊட்டவேண்டுமானால் அதை நீர்ப்பகுதியில் கரைப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை. ஒரு திரவத்தின்மேல் வாயுவின் அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அவ்வாயு அதில் கரையும் என்ற நியதியை 1803-இல் வில்லியம் ஹென்றி என்னும் ஆங்கிலேய ரசாயன அறிஞர் கண்டு வகுத்தார். நம் கோலி சோடாவில் குண்டை உள்ளே தள்ளியவுடன் நுரைத்துப் பொங்குவது, அழுத்தத்தினால் அதுவரை கரைந்துகிடந்த வாயுவேயன்றோ? அந்த நியதியின்படி, நோயாளியை ஒரு கெட்டியான அறைக்குள் இருத்தி, கதவை அடைத்து, உள்ளழுத்தத்தை வளிமண்டலத்தைப் போல் இரண்டு அல்லது மூன்று மடங்காக உயர்த்தித் தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்தால், மூன்று மடங்கில் அந்த 0.3 மில்லிலிட்டர் ஏறத்தாழ 6 ஆகிவிடுகிறது. ஓய்ந்திருக்கும் தேகத்தின் தேவைக்கு அதுவே ஏறக்குறையப் போதும். ஆம்ஸ்டர்டாம் நகரத்து அறுவை வைத்தியர் ஈட் பூரெமா, பன்றிக்குட்டிகளின் ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களை அநேகமாக முற்றிலும் நீக்கிவிட்டு, அழுத்த அறைக்குள் அவற்றை உயிரோடு வைத்திருந்து காட்டி, 1960-இல் அதை வெளியிட்டபோது வைத்திய உலகம் வியந்தது. ரத்தக்குழாய் அடைபட்டோ சிதைந்தோ பட்டினி கிடக்கும் சதைக்கு இவ்வாறு பிராணவாயு எட்டும்போது, புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன. கிருமிகளைக் கொல்லும் வெள்ளணுக்களும் பலம் பெறுகின்றன.

ஆகவே இது போலி வைத்தியம் அன்று. ஆழ்கடலில் மூழ்குவோருக்கு வரும் நோய்க்கும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் கரிவாயுவின் விஷத்துக்கும் இதுவே கைகண்ட சிகிச்சையாக நெடுங்காலமாக இருந்துவருகிறது. அமெரிக்காவில் 1967-இல் தோன்றிய கடலடி மருத்துவச் சங்கத்தார் இச்சிகிச்சைக்கு உரியவை என ஏற்கும் நோய்கள் ஏறத்தாழப் பதினைந்து. அவற்றுள் நம் வயதினரை நேரே தொடுபவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்களுக்குப் பல வருஷங்கள் கழித்து நேரும் உபாதை. கர்ப்பப்பை வாயிலோ ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியிலோ வந்த புற்றைக் கதிர் அழித்துவிடுகிறது; ஆனால் அருகிலிருக்கும் மூத்திரப்பை, மலக்குடல் ஆகியவற்றின் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் அது மெல்ல மெல்ல நசிக்கச் செய்வதால், நோய் தீர்ந்தது என்று நிம்மதியடைந்திருக்கும் வேளையில் மூத்திரத்தில் ரத்தம் காணத் தொடங்குகிறது. என் தமக்கையாருக்கு இதுவே நேர்ந்தது. பழைய நோய் திரும்பிவிட்டதென்று எங்களுக்குள் பேசிக்கொள்ளவும் அஞ்சி, எத்தனையோ இரவுகளைக் கழித்தபின், ஒரு சிறுநீரக வைத்தியர்தாம் இது கதிரின் விளைவு என்று தெளிவுபடுத்திப் பெரிய மருத்துவமனையொன்றின் அழுத்த அறைக்கு அனுப்பினார்.

அங்கே நான் கண்டதை நீங்கள் அறியவேண்டும், ஏனெனில் துண்டுப் பிரசுரத்துப் படத்துக்கும் அதற்கும் வெகுதூரம். ஒருவர் படுக்கும் அளவுள்ள, கண்ணாடிபோல் தெளிந்த, கனத்த உருளை அது. அதற்குள் போகுமுன் செவிலிப் பெண் என் தமக்கையை அரைமணி நேரம் சோதித்தாள். கூந்தலில் தேங்காயெண்ணெய் மணத்ததைக் கண்டு, குளித்துத் தலையைக் காயவைத்துக்கொண்டு வந்தாலன்றி அனுமதிக்க இயலாதென்று முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டாள். மறுநாள் நைலான் கலந்த சேலையைக் களையச் செய்து தூய பருத்தி அங்கி கொடுத்தாள். காது கேட்கும் கருவியையும் கொண்டை ஊசியையும் முழங்கால் வலிக்குத் தடவியிருந்த தைலத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டு நீக்கினாள். கைக்குட்டைக்குள் முடிந்து வைத்திருந்த மாத்திரைப் பட்டையைக்கூட அவள் விடவில்லை. கதவு மூடி அழுத்தம் ஏறத் தொடங்கியதும் உள்ளே வெப்பம் சற்றே கூடும், காதுக்குள் விமானம் இறங்கும்போது அடைப்பதைப்போல் அடைக்கும்; அப்போதெல்லாம் ஒலிபெருக்கியில், "எச்சிலை விழுங்குங்கம்மா, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல ஊதுங்கம்மா" என்று அவள் சொல்லிக்கொண்டேயிருப்பாள். ஒன்றரை மணி நேரம், கண்ணை எடுக்காமல் அந்த உருளையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வாரத்தில் ஐந்து நாள் வீதம் இரண்டு மாதம் போயிற்று. ரத்தப்போக்கு படிப்படியாகக் குறைந்து, பிறகு நின்றது. ஒருத்தியின் அனுபவம் நிரூபணம் ஆகாது என்பதை அறிவேன். வட ஐரோப்பிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் இத்தகைய நோயாளிகள் 87 பேரை இரு பிரிவாகப் பிரித்துச் செய்த ஆராய்ச்சி 2019-இல் வெளியாயிற்று. அதிலும் அழுத்தச் சிகிச்சை பெற்றோரின் நிலை மற்றவர்களைவிடத் தெளிவாகச் சீர்ப்பட்டது.

இரண்டாவது, சர்க்கரை வியாதியால் வரும் காற்புண். இதில் விஷயம் அவ்வளவு நேரானதன்று. ஸ்வீடனில் 94 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான பரிசோதனையில், ஓராண்டு முடிவில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 52 பேருக்குப் புண் ஆறியது. அதே அறைக்குள் வெறுங்காற்றைச் சுவாசித்தோரில் 29 பேருக்கே ஆறியது. ஆனால் 2016-இல் கனடாவிலும், 2018-இல் 120 நோயாளிகளைக் கொண்டு நெதர்லாந்திலும் வெளிவந்த ஆராய்ச்சிகளில் அத்தகைய அனுகூலம் உறுதிப்படவில்லை. இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது: அடைபட்ட ரத்தக்குழாயைத் திறப்பதும், அழுகிய சதையை நீக்குவதும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும், புண்ணின்மீது பாரம் விழாதபடி பிரத்தியேகச் செருப்பு அணிவிப்பதும் முறைப்படி நடந்த பிறகும் ஆழமான புண் ஆறாமல் நின்றால், அப்போது வைத்தியர் தேர்ந்தெடுத்த சிலருக்கு அழுத்த அறை துணை செய்யக்கூடும், இவை ஒன்றையும் செய்யாமல் அறைக்குள் போய்ப் படுப்பவருக்குப் பயனில்லை.

மூன்றாவது, திடீர்ச் செவிட்டுத்தன்மை. காலையில் எழுந்திருக்கும்போது ஒரு காது முற்றும் கேளாமல் போனால், குறும்பி அடைத்திருக்கும், வயதானால் இப்படித்தான் என்று சொல்லி, எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டு ஒரு மாதம் கடத்துகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! இரண்டு வாரத்துக்குள் காது வைத்தியரிடம் போய் ஸ்டீராய்டு மருந்தோடு அழுத்தப் பிராணவாயுவையும் பெற்றால் கேள்வி ஓரளவேனும் திரும்ப வாய்ப்பு உண்டு. நாள் தள்ளத் தள்ள அவ்வாய்ப்பு மங்கிவிடும். வலியே இல்லாமல் ஒரு கண் திடீரென்று இருண்டுபோவதோ இன்னும் அவசரமானது. அது விழித்திரையின் தமனி அடைபட்டதன் அறிகுறியாக இருக்கலாமாகையால், பக்கவாதத்துக்கு ஓடுவதைப்போல் அந்த மணிநேரமே ஓடவேண்டும்.

இனி, முதுமையைப் போக்குமா என்ற பிரச்சினைக்கு வருகிறேன். இந்த ஆசை புதிதன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1928-இல், ஆர்வல் கன்னிங்ஹாம் என்ற வைத்தியருக்காக 64 அடி விட்டமுள்ள எஃகுக் கோளம் ஒன்று எழுப்பப்பட்டது. ஐந்து அடுக்குகளில் அறைகள் அமைத்து, முழு மாளிகையையும் அழுத்தக் காற்றால் நிரப்பி, நீரிழிவு முதல் புற்றுநோய் வரை தீர்ப்பதாகச் சொன்னார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தார் ஆதாரம் கேட்டார்கள், ஆதாரம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அக்கோளம் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போயிற்று.

அதைக் காட்டிலும் நம் விஷயத்துக்கு நெருங்கியது 1969-இல் நடந்தது. நியூயார்க் மாகாணத்து பஃபலோ நகரில், ஞாபகம் மங்கிய முதியோர் 13 பேருக்கு, இரண்டரை மடங்கு அழுத்தத்தில், நாளொன்றுக்கு இருமுறை வீதம் 15 நாட்கள் தூய பிராணவாயு கொடுத்ததில், அவர்களுடைய ஞாபகசக்தி வியக்கத்தக்க விதம் தேறியது என்று உலகப் புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்றில் கட்டுரை வெளிவந்தது. அப்போது எத்தனை குடும்பங்கள் எத்தனை நம்பிக்கையோடு அச்செய்தியைப் படித்திருக்கும் என்று நினைக்கும்போது என் நெஞ்சம் கனக்கிறது. ஏனெனில், எழுபதுகளில் மற்ற ஆராய்ச்சியாளர்கள், எண்பதுக்கும் மேற்பட்ட முதியோரைக் கொண்டு, அழுத்தத்தோடு பிராணவாயு பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்புநோக்கி நடத்தி 1978-இல் வெளியிட்ட பரிசோதனை உட்பட, அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, அந்த அனுகூலம் தென்படவேயில்லை.

துண்டுப் பிரசுரம் மேற்கோள் காட்டுவது 2020 நவம்பரில் வெளியான இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியை. 64 வயதைக் கடந்த, ஆரோக்கியமான 35 பேர், மூன்று மாதத்தில் 60 முறை, இரண்டு மடங்கு அழுத்தத்தில், இருபது நிமிஷத்துக்கொரு முறை ஐந்து நிமிஷம் வெறுங்காற்றைச் சுவாசித்து இடைவெளி விட்டு, தொண்ணூறு நிமிஷம் தூய பிராணவாயுவைச் சுவாசித்தார்கள். அவர்களுடைய வெள்ளணுக்களில், குரோமோசோம்களின் நுனியில் உறைபோல் அமைந்து வயது ஏற ஏறக் குறுகிவரும் டெலோமியர் என்னும் பகுதி நூற்றுக்கு இருபது பங்குக்குமேல் நீண்டதாகவும், மூப்படைந்த அணுக்கள் சில வகைகளில் குறைந்ததாகவும் கண்டார்கள். இதைப் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சிகிச்சை பெறாத ஒரு பிரிவினரின் அளவுகள் அக்கட்டுரையில் இல்லை. அளந்தது ரத்தத்தின் வெள்ளணுக்களை, மூளையையோ இருதயத்தையோ மூட்டையோ அல்ல. கடைசி அமர்வு முடிந்து ஓரிரு வாரத்தோடு அளவீடும் நின்றுவிட்டது. அதே குழுவினர் 63 முதியோரிடம் செய்த வேறொரு பரிசோதனையில் கவனமும் சிந்தனை வேகமும் கூடியதாகச் சொல்லுகிறார்கள். அதிலோ மறுபிரிவினர் போலி அமர்வுகூட இல்லாமல் வீட்டில் இருந்தார்கள். மூன்று மாதம் நாள்தோறும் எழுந்து, உடுத்தி, வெளியே போய், அக்கறையோடு கவனிக்கப்பட்டு வீடு திரும்பும் முதியவருக்கு அதனாலேயே உற்சாகம் பிறக்குமென்பதை, மாலையில் சங்கக் கட்டடத்துக்கு வந்துபோவதால் மட்டுமே தேறிய நண்பர்களை உடையவர்களாகிய நாம் அறியாதவர்களா? அந்த ஆராய்ச்சியாளர்களில் சிலர் இச்சிகிச்சையை விற்கும் ஸ்தாபனத்தில் உத்தியோகஸ்தர்களும் பங்குதாரர்களுமாக இருப்பதை, அவர்களே கட்டுரையின் இறுதியில் நேர்மையோடு தெரிவித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோருக்கு அரசு நடத்தும் மெடிகேர் காப்பீடு, முப்பது நாள் முறையான வைத்தியத்துக்குப் பிறகும் ஆறாத ஆழ்ந்த நீரிழிவுக் காற்புண்ணுக்கு இச்சிகிச்சையின் செலவை ஏற்கிறது. எவற்றுக்கெல்லாம் ஏற்காது என்று அது வெளியிட்டுள்ள பட்டியலில், முதுமைத் தளர்ச்சியும் அல்ஸைமர் நோயும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. முதன்மையாக முதியோருக்காக அமைந்த காப்பீடு அது என்பதைக் கவனிக்கவேண்டும்.

இன்னும் ஒன்று. பிரசுரத்திலுள்ள படத்தை உற்றுப் பாருங்கள்: அதில் இருப்பது எஃகு அறையும் அன்று, நான் கண்ட கனத்த உருளையும் அன்று, ஜிப் வைத்துத் தைத்த, காற்றடைத்து உப்பிய ஒரு பை. இத்தகைய பைகளில் ஏறக்கூடிய அழுத்தம் பெரும்பாலும் 1.3 மடங்கு, உள்ளே நிரப்புவதும் சாதாரணக் காற்று. நம்மில் பள்ளியில் கணக்குப் போதித்தவர்கள் பலர் உண்டு. நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயுவை 1.3 ஆல் பெருக்கினால் 27 வரும். அதைவிட அதிகமான பிராணவாயுவை, எந்த அழுத்தமும் இல்லாமல், சாதாரண மருத்துவமனை வார்டில் மூக்கின்மேல் வைக்கும் முகமூடியே தந்துவிடும். அமெரிக்க மருந்து நிர்வாகத்தார் இவ்வகைப் பைகளுக்கு அனுமதி கொடுத்தது மலையேறுவோருக்கு உயரத்தில் வரும் நோய்க்காகவே. ஆக, இஸ்ரேலியர் இரண்டு மடங்கு அழுத்தத்தில் தூய பிராணவாயுவைக் கொண்டு கண்டதாகச் சொல்வதை, இந்தப் பைக்குள் படுப்பவருக்கும் கிடைக்குமென்று விற்பது நியாயமன்று. அந்த ஆராய்ச்சி முழுவதும் உண்மையென்று வைத்துக்கொண்டாலும் நியாயமன்று.

மெய்யான அழுத்த அறையோ ஆபத்து அற்றதன்று. செவிப்பறையில் காயம் படுவதே சாதாரணமாக நேர்வது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு உள்ளேயே சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும்; பலவீனமான இருதயமுள்ளவர்களுக்குச் சுவாசகோசத்தில் நீர் கோத்துக்கொள்வது உண்டு; பல நாள் சிகிச்சையில் கிட்டப்பார்வை தோன்றிச் சில வாரங்களில் மாறும், முன்பே இருக்கும் கண்புரை முற்றவும் கூடும்; அரிதாக வலிப்பும் வரும். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருப்பவரை எக்காரணம் கொண்டும் உள்ளே அனுப்பலாகாது. தீயோ எல்லாவற்றினும் கொடியது. 1997 அக்டோபர் 31 அன்று இத்தாலியின் மிலான் நகரத்து மருத்துவமனை ஒன்றில், நோயாளியான மூதாட்டி ஒருவர் குளிருக்காகக் கையைச் சூடேற்றிக்கொள்ளும் சிறு கருவியொன்றை உள்ளே கொண்டுபோனதிலிருந்து பற்றிய நெருப்பில், அழுத்த அறையிலிருந்த பதினோரு பேரும் மாண்டார்கள். என் தமக்கையின் கூந்தலை முகர்ந்து பார்த்துத் திருப்பியனுப்பிய அந்தப் பெண்ணின் கண்டிப்பு எதற்கென்று, பின்னால் இச்செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. வைத்தியர் முன்னின்று பரிசோதிக்காத, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் காவலிராத இடத்துக்கு நம் அங்கத்தினர்களைச் சங்கத்தின் பெயரால் அனுப்புவதை என் மனம் ஒப்பவில்லை.

ஆகையால் பொதுச்சபையில் நான் ஒரு திருத்தத் தீர்மானத்தைப் பிரேரிக்கப் போகிறேன். அந்நிலையத்தோடு ஒப்பந்தம் வேண்டாம் என்பதும், கதிர்வீச்சுக்குப் பிந்திய உபாதை, ஆறாத காற்புண், திடீர்ச் செவிட்டுத்தன்மை ஆகிய மூன்றிலும் தகுதியுள்ள மருத்துவமனையின் அழுத்த அறைக்கு வைத்தியர் சிபாரிசு செய்தால், நம் ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு வழி என்ன என்று அரசுக்கு எழுதிக் கேட்டு, வரும் பதிலை எல்லா அங்கத்தினர்களுக்கும் அச்சிட்டு அனுப்பவேண்டும் என்பதும் அதன் சாரம். மாதத்துக்கொரு முறை சங்கக் கட்டடத்திலேயே கால் பரிசோதனை முகாம் நடத்தவேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன். 10 கிராம் விசையில் வளையும் சிறு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டிருப்பவருக்கு அது தெரிகிறதா என்று கேட்பதே அதில் முதல் சோதனை. தெரியவில்லை என்று சொல்பவரின் கால், முள் தைத்தாலும் கல் உரசினாலும் அறியாத கால் ஆகையால், புண் வருமுன்பே அவரைக் கண்டுபிடித்துவிடலாம். இதற்கு ஆகும் செலவு சொற்பம். ஓய்வுபெற்ற செவிலியர் இருவர் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள், கேட்டதும் மனமுவந்து இசைந்துவிட்டார்கள்.

திருத்தத்தை வழிமொழிய ஒருவர் வேண்டும். இசைவுள்ளவர்கள் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே காரியதரிசியிடம் பெயர் கொடுத்துவிடுமாறும், கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று இப்போது ரத்தப்போக்கால் துன்புறும் அங்கத்தினரோ அவர்தம் குடும்பத்தாரோ இருந்தால் கூட்டத்துக்குக் காத்திராமல் உடனே என்னிடம் சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன். எந்த வைத்தியரை முதலில் பார்ப்பது, என்னென்ன காகிதங்களை எடுத்துப்போவது என்பதைச் சொல்ல நான் எந்நேரமும் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் சக அங்கத்தினன்